விருந்தினர் வரும் வேளை: கல்முனை முதல் பொத்துவில் வரையிலான கரையோர வரலாற்றில் ஒரு நோக்கு

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அவர்தம் குடிவழி முறையினையும், பள்ளிவாசல் நிருவாகத்தினையும், நெற்காணி உரிமையினையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். விருந்தோம்பற் பண்பு பற்றியும் பாராட்டுரைகள் பல உள. ஆயின் விருந்தினன் எவ்வேளையில் வரலாம், எவ்வேளையில் புறப்படல் வேண்டும், வேளை தப்பி வந்தவனை எங்கே இருத்துவது என்னும் வினாக்கள் வரலாற்று வினாக்களாகக் கொள்ளப்பட்டமை அரிது. அவை வீட்டுப் பெண்களின் கவலை என ஒதுக்கப்பட்டன போலும். இன்று பொத்துவில், அறுகம் குடாப் பகுதிகளில் இரண்டு அறை, மூன்று அறை வைத்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டாரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இதுவேயாகும். அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் ஆயத்தமாகும். விருந்தினரோ விடியற்காலை 5 மணிக்கு வாயிலில் நிற்கிறார். இச்சிக்கல் புதியதன்று என்பதும், இதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு ஒன்று இடையிலே மறைந்து மீண்டும் தலைகாட்டுகின்றது என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும்.

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் அச்சொல்லைப் புதிதாகப் புனையும் யாப்பு வகைக்கு ஆள்கின்றார். முன்பின் அறியாத புதியவனே விருந்து, உறவினன் சுற்றம். அறியாதவன் வருவதாயின் அவன் வரும் வேளையும் அறியாததே. இதனைப் பண்டைத் தமிழர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குக் குறுந்தொகையின் 118ஆம் பாடல் ஒரு சான்று. நன்னாகையார் பாடிய இச்செய்யுள் தலைவனைப் பிரிந்த தலைவியின் ஏக்கத்தைச் சொல்வது. எனினும் வரலாற்று மாணவனுக்கு அதிலே வேறொரு செய்தியும் கிடைக்கின்றது. பலர் வந்து புகும் பெரிய வாயிலை மாலையில் அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ எனக் காவலர் வினவும் வழக்கம் அக்கால மனைகளில் இருந்தது. வாயில் அடைபடுதற்கு ஒரு நேரம் உண்டு. ஆனால் அறிவிப்பின்றி அடைபடுவதில்லை. எல்லையும் அழைப்பும் ஒருங்கே நிற்கும் இவ்வமைப்பு ஊன்றி நோக்கற்பாலது.

ஏறத்தாழ இதே அமைப்பினைப் பல நூற்றாண்டுகளின் பின் தஞ்சைச் சத்திரங்களிலும் காண்கின்றோம். இராமேசுவர யாத்திரைப் பாதையில் மராத்திய மன்னர் நிறுவிய சத்திரங்கள் குறித்து இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சோறு வழங்குதல் நள்ளிரவு வரை நீடிக்கும் என்றும், அப்போது மணி அடித்து இன்னும் உண்ணாதவர் உளராயின் வருக என அறிவிப்பர் என்றும் அதிலே கூறுகின்றார். சத்திரத்தின் அடுப்பு அணையும் நேரத்தை மணியோசை அறிவித்தது. பிந்தி வந்த யாத்திரிகனை விலக்க அன்று, விடுபட்டவனைத் தேட அம்மணி பயன்பட்டது.

இனி, நமது கரையோரத்தின் பெரும்பான்மையோர் பின்பற்றும் இஸ்லாமிய மரபு இதுபற்றி யாது கூறுகின்றது என நோக்குவோம். விருந்தோம்பலை வலியுறுத்தும் மார்க்கங்கள் பல. ஆனால் விருந்தினனுக்குக் கால எல்லை வகுத்து, வீட்டாரின் வேளைகளையும் காத்தது இஸ்லாத்தின் தனிச்சிறப்பு எனலாம். அனுமதி கேட்டு ஸலாம் கூறாமல் பிறர் இல்லத்துள் நுழையலாகாது என்பது குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தின் கட்டளை. அவ்வத்தியாயமே வீட்டாரின் அந்தரங்கத்துக்குரிய வேளைகள் மூன்றினையும் குறிப்பிடுகின்றது. சுபஹ் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து இளைப்பாறும் பொழுது, இஷாவுக்குப் பின் என்பன அவை. இம்மூன்று வேளைகளிலும் வீட்டில் வளரும் சிறுவரும் பணியாளருங்கூட அனுமதி பெற்றே அறையினுட் செல்லவேண்டும். வீட்டிலுள்ளோர்க்கே இவ்விதியாயின் அயலானுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ், நண்பகல் வெயில், கட்டுநாயக்காவில் இரவில் இறங்கும் விமானம் ஆகியவை இன்றைய விருந்தினரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் பெரும்பாலும் இம்மூன்று வேளைகளிலேயே என்பது வியப்புக்குரியது.

விருந்தினனின் சிறப்புரிமை ஒரு பகலும் ஓரிரவும், உபசாரம் மூன்று நாட்கள், அதன்மேற் கொடுப்பது தர்மம் என ஹதீஸ் வகுக்கின்றது. விருந்தளிப்பவரை நெருக்கடிக்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்கியிருத்தல் விருந்தினனுக்கு ஆகாது என்பதும் அதனோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றது. நீண்ட பயணத்திலிருந்து திரும்புபவன் தன் சொந்த வீட்டுக்கே இரவில் முன்னறிவிப்பின்றிப் போய் நிற்கலாகாது. மனைவி தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தரவேண்டும். நபிகளார் பயணத்திலிருந்து மீண்டால் முதலிற் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள் என்பதும் அறிவிக்கப்பட்டுள்ளது. வணக்கம் என்ற வகையில் இதனைப் போதிப்போர் பலர். வழிக்கும் வீட்டுக்கும் நடுவே நேரத்தைச் சமன்செய்யும் ஓர் இடம் தேவை என்னும் உலகியல் அறிவும் இதனுள் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, புத்தளக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக மூன்று நாட்கள் தங்கியதையும், உபசாரம் நாளுக்கு நாள் மிகுந்ததையும் தம் பயண நூலிற் பதிந்துள்ளார். பின்பு அவர் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். அதே புத்தளம் 1990 ஒக்டோபரில் வேறொரு வகை விருந்தினரை ஏற்றது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோருட் பெரும்பகுதியினர் புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்க நேரிட்டது. மூன்று நாள் எல்லை என்பது புறப்பட்டுச் செல்ல ஓரிடம் உடையவனுக்கே பொருந்தும் என்பதை அவ்வூர் அறியும்.

கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களுட் பலவற்றின் தோற்றமுங்கூட ஒரு வகையில் விருந்திலேயே தொடங்குகின்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியேற்றினான். ஏற்கெனவே இங்கிருந்தோருடன் அவர்கள் கலந்தனர். பின்னர் இக்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குச் சென்று பாக்கு முதலியன கொண்டுவந்த தவள மாட்டு வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னின்றனர். பொதி மாடு ஓட்டுபவனுக்குக் கடிகாரம் இல்லை. மழையும், ஆற்று வெள்ளமும், காட்டு யானையும் அவன் வரும் வேளையை முடிவு செய்தன. வாவிகளும் முகத்துவாரங்களும் குறுக்கறுத்துச் செல்லும் இந்நிலத்திற் பாலங்கள் அமையும்வரை தோணித் துறையிற் காத்திருப்பதே பயணத்தின் பெரும்பகுதி. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இன்று வருவேன் என்றவன் நாலு நாள் கழித்து வந்தால் அதனை எவரும் பிழையாகக் கொள்ளார்.

இத்தகைய விருந்தினரை ஏற்ற வீடு யாருடையது? கிழக்கிலங்கையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் மேற்கொண்ட ஆய்வுகளில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். ஆகவே விருந்தோம்புதலை வீட்டுத் தலைவனின் பெருந்தன்மையாக மட்டும் வருணிப்பது இப்பிரதேசத்தைப் பொறுத்தவரை அரைகுறை உண்மை. வீடு அவளது, அடுப்பும் அவளது, ஆகவே வேளையும் அவளது. அந்த வேளையைக் காக்கும் கட்டடப் பகுதியே முன் விறாந்தை. வீதிக்கு அது வீடு; வீட்டுக்கு அது வீதி. விடியுமுன் வந்தவன் அங்கே பாயில் அமர்ந்து, கிணற்றடியில் முகங்கழுவி, பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது வருவதற்குள் வீடு விழித்துவிடும். விருந்தினன் வந்துவிட்டான், ஆயினும் இன்னும் உள்ளே வரவில்லை. இந்த இடைநிலை இருவருக்கும் மானக்குறைவு இல்லாத நிலை.

ஊர் முழுவதும் விறாந்தையாக மாறும் காலங்களும் இருந்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நிகழும் கொடியேற்ற விழாவுக்கு வெளியூர்களிலிருந்து வருவோர் உறவினர் வீடுகளிலும் பள்ளிவாசல் வளவிலும் தங்குவர். கொடி ஏறும் நாள் வரும் நாளாகவும், கொடி இறங்கிக் கந்தூரி முடியும் நாள் போகும் நாளாகவும் அமைந்துவிடுதலால் எவரும் எவரையும் எப்போது போவீர் என்று கேட்க வேண்டியதில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகரும் இதே கரையோர வழியாகவே திருக்கோவில், பொத்துவில், உகந்தை என நடக்கின்றனர். அவர்களது நேரத்தை வகுப்பது வெயில்; விடியுமுன் நடந்து நண்பகலில் நிழல் தேடுவர்.

கடிகார நேரம் இங்கே வந்து சேர்ந்தது ஆங்கிலேயராட்சியின் வாடி வீட்டுடன் எனலாம். ‘வாடி’ என்பது நம் பிரதேசத்திலே மீன்வாடி, விறகுவாடி எனத் தற்காலிகக் கொட்டிலைக் குறிக்கும் சொல். அதனோடு வீட்டைச் சேர்த்து அரசாங்கத் தங்குவிடுதிக்குப் பெயரிட்ட தமிழரின் நகைச்சுவை பாராட்டத்தக்கது: தங்கலாம், ஆனால் வீடு என்று நினைத்துவிடாதே! கல்முனையில் வாடி வீட்டு வீதி என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. இந்தியாவின் டாக் பங்களாக்களில், 24 மணித்தியாலம் தங்கிய பயணி, புதிதாக ஒருவர் வந்து இடம் இல்லாதபோது அறையை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. இலங்கை வாடி வீடுகளில் கடமை நிமித்தம் செல்லும் அரசாங்க உத்தியோகத்தருக்கே முன்னுரிமை. தங்குவதற்கொரு கட்டணம், உணவுக்கு வேறு கட்டணம் என விலைப்பட்டியல் சுவரிலே தொங்கிற்று. வந்தோர் பெயர் எழுதும் புத்தகமும் இருந்தது.

இவ்விதிகளை வெறுமனே அந்நியரின் கடுமை எனத் தள்ளிவிடுதல் சரியன்று. இருபத்துநான்கு மணித்தியால விதிக்கும் மூன்று நாள் ஹதீஸுக்கும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் முன்னர் வந்தவனுக்கு எல்லை வகுக்கின்றன. ஹதீஸ் வீட்டாரின் பொருட்டு அதனை வகுத்தது. டாக் பங்களா அடுத்து வரும் பயணியின் பொருட்டு வகுத்தது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. வாடி வீட்டிலும் விறாந்தை இருந்தது. ஆனால் அது துரைமாரின் சாய்மனைக் கதிரைக்குரியது. சாதாரண நாட்டுப் பயணி அவ்விறாந்தையிற் பொழுது விடியக் காத்திருப்பது நினைத்தற்கரியது.

1928இற் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. பின்னர் பஸ் வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நாட்டுப் பாதைகளைப் பெருக்கிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இவற்றின் விளைவாகப் பயணம் குறுகிற்று. வந்தவர் அன்றே திரும்பலாயினர்.

1970களில் அறுகம் குடாவின் அலைகளைத் தேடி வெளிநாட்டு இளைஞர் வரத்தொடங்கினர். கடற்கரையிற் கிடுகுக் குடிசைகளும், ஒன்றிரண்டு அறைகள் கொண்ட விடுதிகளும் எழுந்தன. அக்காலத்து விருந்தினர் முன்பதிவு செய்து வந்தவரல்லர். இடமிருந்தால் தங்குவர், இல்லையேல் அடுத்த வளவைக் கேட்பர். ஏறக்குறைய தவள வணிகரின் காலம் மீண்டது போன்ற நிலை. அந்நிலையை யுத்தம் குலைத்தது. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகை நேரத்தில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், இருட்டியபின் வாயிலில் எழும் அந்நியக் குரல் எத்தகைய பொருளைப் பெற்றிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. குறுந்தொகைக் காலத்திலிருந்து கேட்கப்பட்டு வந்த அந்த வினாவை, வருவோர் உளரோ என்பதை, இக்கரையில் எவரும் கேட்கத் துணியாத ஆண்டுகள் அவை. மஃரிபுக்குமுன் வந்துசேராதவர் அன்று வரார் என்பதே விதியாயிற்று. தமிழ் ஊர்களிலும் இதே அச்சம் குடிகொண்டிருந்தது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கைச்சாத்தாகிப் பயணிகள் மீண்டும் வரத்தொடங்கிய சில ஆண்டுகளுள், 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில் கடல் வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகள் அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோர் மேற்கே ஓடி உறவினர் வீடுகளிலும், பள்ளிவாசல்களிலும், பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தபோது வேளை கேட்பார் எவருமிலர். விறாந்தையில் அமர்த்தி வைத்தல் என்னும் பேச்சுக்கே அன்று இடமிருக்கவில்லை. வீடு முழுவதும் விறாந்தையாயிற்று. பின்னர், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என அரசாங்கம் கிழக்கிற் பிறப்பித்த விதி அறுகம் குடாவின் சிறு விடுதிக்காரரைப் பெரிதும் வருத்திற்று. தளர்த்தப்படும்வரை பலர் சொந்த வளவிலேயே விருந்தினர்போல் அனுமதிக்குக் காத்திருந்தனர்.

யுத்தம் 2009இல் முடிந்தபின் பொத்துவிலிலும் உல்லையிலும் வீட்டோடு சேர்ந்த அறைகள் பெருகின. 2008இல் சன்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட எயார்பிஎன்பி போன்ற முன்பதிவுத் தளங்கள் இவ்வறைகளை உலகச் சந்தையோடு இணைத்தன. அவற்றோடு ஓர் அட்டவணையும் வந்தது. வருகை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குப் பின்; புறப்பாடு முற்பகல் 11 அல்லது 12 மணிக்கு முன். இவ்விடைவெளி துணி துவைத்தற்கும் மணல் கூட்டுதற்குமான நேரம். பெரிய ஹோட்டலில் அதனைச் செய்யப் பணியாளர் பலர் இருப்பர். பொத்துவில் வீட்டில் பெரும்பாலும் ஒரு தாயும் மகளுமே அதனைச் செய்கின்றனர். அதே இடைவெளியில்தான் வீட்டாரின் பகலுணவு, லுஹர்த் தொழுகை, பாடசாலையிலிருந்து பிள்ளைகள் திரும்புதல் ஆகிய அனைத்தும் நிகழவேண்டும். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆவுக்காக ஆண்கள் போய்விடுவர், கடைகளும் மூடப்பட்டிருக்கும். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் சில நிமிடங்களில் வந்து நிற்கும் விருந்தினரை அமரச்செய்து கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுத் திறப்பைப் பின்பு தருதலே வழக்கம். அட்டவணையில் இல்லாத இவ்வரவேற்பே அவர்களுக்கு நெடுநாள் நினைவில் நிற்பதாம்.

தமிழ்நாட்டு லாட்ஜுகள் பலவற்றில் வழங்கும் 24 மணி நேர முறையை இங்கும் கொண்டால் என்ன எனக் கேட்கலாம். காலை 5 மணிக்கு வந்தவர் மறுநாட் காலை 5 மணிக்குப் போகலாம் என்பது அம்முறை. பஸ் நிலையத்தை அண்டிய, முப்பது நாற்பது அறைகள் கொண்ட லாட்ஜுக்கு அது தகும். இரவும் பகலும் முறைமாற்றி நிற்க ஆட்கள் உளர். மூன்று அறை வீட்டில் மூவர் மூன்று நேரங்களில் வந்து மூன்று நேரங்களிற் போனால், வீட்டுக்காரியின் நாளே மூன்று துண்டாகிவிடும். எனவே ஒரே நேரத்திற் புறப்பாடு, ஒரே நேரத்தில் வருகை என்னும் அட்டவணை அந்நியச் சரக்காயினும் அவளுக்கே பெரிதும் உதவுவது என்பது நமது கருத்து. அது விருந்தோம்பலைக் கொன்றுவிட்டது என்று புலம்புவோர் பெரும்பாலும் அறையைக் கூட்டிப் பெருக்காதவர்களே.

ஆயின் அட்டவணை ஒன்றைக் கூறாமல் விட்டது. விடியல் 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையிலுள்ள ஒன்பது மணித்தியாலம் யாருடைய பொறுப்பு? சட்டப்படி விருந்தினருடையது. கொழும்பிலிருந்து இரவு முழுதும் பஸ்ஸில் வந்த ஒருவரிடம் இதனைச் சொல்லிப் படலையைச் சாத்த இவ்வூரார் எவருக்கும் மனம் வராது. முந்திய இரவுக்கும் வாடகை கேட்பது சிலரது வழி. வேறு பலர் வளவின் முன்புறத்தில் ஓலைக் கூரையிட்ட கொட்டில் ஒன்றை அமைத்து, ஓர் ஏணை, இரண்டு கதிரை, பயணப் பொதி வைக்க ஒரு மூலை, வெளியே குளிக்க ஒரு குழாய் என ஒழுங்கு செய்துள்ளனர். வந்தவர் தேநீர் அருந்திவிட்டு, பொதியை அங்கே விட்டுக் கடலுக்குப் போகலாம். அதிகாலைக் கடலே அலைச் சறுக்கலுக்கு ஏற்றதாதலால் அவருக்கும் அது மகிழ்ச்சியே. மாலையிற் புறப்படுபவருக்கும் அக்கொட்டிலே இடம். விளம்பரங்களில் இதற்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை; வாடகைக் கணக்கிலும் அது சேர்வதில்லை. கட்டடக்கலை நோக்கில் அது பழைய விறாந்தையேயாகும். வீட்டைவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கின்றது என்பது மட்டுமே வேறுபாடு. அத்தூரம் சுபஹுக்கு எழும் பெண்களுக்குத் தேவையான தூரம்.

கொழும்புத் தொடர்மாடிகளில் இப்போது இலக்கப் பூட்டும் சாவிப்பெட்டியும் வழக்கிற்கு வந்துள்ளன. விருந்தினர் எந்நேரத்திலும் தாமே திறந்து உட்செல்லலாம். வீட்டுக்காரரைக் காணவே வேண்டியதில்லை. பொத்துவிலில் அம்முறை பரவுவதற்குத் தடையாயிருப்பது தொழில்நுட்பமன்று. அங்கே அறைக்குச் செல்லும் வழி கிணற்றடியையும் அடுப்படி வாயிலையும் கடந்தே செல்கின்றது. அவ்வழியே அந்நியர் ஒருவர் நடக்குமுன் வீட்டிலுள்ளோர் யாரேனும் ஒருவர் எழுந்துவந்து, வாங்க எனச் சொல்லியாகவேண்டும்.